கொட்டியாரத்துக் கைதியும் புலிமுகச் சிலந்தியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே அகன்று விரிந்து கிடக்கிறது கொட்டியாரக் குடா. மலைநாட்டில் தோன்றி இலங்கைத் தீவின் பாதியைச் சுற்றி வரும் மகாவலி கங்கை கடலோடு கலப்பது இங்கேதான். குடாவின் கரையில் மூதூர். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றால் இலங்கைத்துறை முகத்துவாரம், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று ஊர்கள் தொடரும். துறை என்று முடியும் பெயர்களுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. வந்து சேர்ந்தவர்களின் கதைகளுக்கும் பஞ்சமில்லை.

அப்படி வந்து சேர்ந்து, திரும்பிப் போக முடியாமற் போன ஒருவனைப் பற்றியும், அவன் எழுதி வைத்த ஒரு சிலந்தியைப் பற்றியுமே இந்தக் கட்டுரை. சிலந்திக்கு என்ன வரலாறு என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. அது 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் தொடங்கி, 2019ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் கூடிய ஒரு சர்வதேச மாநாடு வரை நீள்கிறது. இடையில் மாங்குளமும் மன்னாரும் இராமேசுவரமும் வருகின்றன.

புளியமரத்தடியில் பிடிபட்டவர்கள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வணிகம் செய்ய வந்த 'ஆன்' என்ற கப்பல், 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் வெட்டிக் கப்பலைச் செப்பனிடுவதற்குக் கொட்டியாரக் குடாவே ஏற்ற இடம் எனத் தீர்மானிக்கப்பட்டது. பெருங்காட்டு மரமும் அமைதியான நீரும் ஒருங்கே அமைந்த இடம் அது. கப்பலின் தலைவர் ரொபேட் நொக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் உடன் வந்திருந்தான். மகனுக்கு அப்போது வயது 19.

கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரைக்கு வந்தனர். தலைவர் தம் ஆட்கள் சிலரோடு புளியமரத்தடியில் அமர்ந்திருந்தபோதே பிடிபட்டார். தந்தையும் மகனுமாக மொத்தம் 16 பேர் சிறைப்பட்டனர். கைகளில் விலங்கில்லை, கதவுக்குப் பூட்டில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் ஆளுக்கொரு திசையாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். ஊரார் சோறு கொடுக்க வேண்டும். இவர்கள் எல்லை தாண்டக்கூடாது. மலையும் காடுமே மதில்கள்.

மறு ஆண்டு, 1661இல், தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனே குழி தோண்டி அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த இளைஞன் தொப்பி பின்னி விற்றான், கோழியும் ஆடும் வளர்த்தான், நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கினான், ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சென்று வியாபாரம் செய்தான். வியாபாரம் என்ற போர்வையில் வழிகளை மனத்தில் குறித்துக்கொண்டான். 1679ஆம் ஆண்டு, ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழனுடன் அநுராதபுரம் வரை சென்று, அங்கிருந்து அருவியாற்றின் ஓரமாகக் காட்டைக் கடந்து, ஒக்டோபர் மாதத்தில் மன்னார்ப் பகுதியில் இருந்த ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். பத்தொன்பதரை ஆண்டுகள் கடந்திருந்தன. 19 வயதில் சிறைப்பட்டவனுக்கு விடுதலையின்போது வயது 38.

1681இல் இலண்டனில் அச்சான அவருடைய நூல், ஐரோப்பியர் கண்டி இராச்சியத்தைப் பற்றி அறிந்துகொண்ட முதல் விரிவான நூல்களில் ஒன்று. அதற்கு முன்னுரை எழுதியவர் அறிவியலாளர் ரொபேட் ஹூக். நுண்ணோக்கியின் கீழ் ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் வைத்து வரைந்து 1665இல் உலகை வியக்க வைத்த அதே ஹூக்தான். சிற்றுயிர்களில் இத்தனை ஆர்வம் கொண்ட ஒருவர் அருகிலிருந்து ஊக்குவித்த நூலில், இலங்கையின் எறும்புகளுக்கும் அட்டைகளுக்கும் சிலந்திக்கும் இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

நொக்ஸ் கண்ட சிலந்தி

நொக்ஸ் சொல்வதன் சாரம் இது: 'தெமகுலோ' என்றொரு சிலந்தி உண்டு. கறுப்பானது, மயிர் அடர்ந்தது, புள்ளிகளோடு பளபளப்பது. உடல் ஒரு மனிதனின் கைமுட்டி அளவு, கால்களும் அதற்கேற்றவை. மரப் பொந்துகளிலும் துளைகளிலும் வாழும். நஞ்சு கடுமையானது. கடிபட்டவர் சாவதில்லை, ஆனால் வலியினால் சிறிது நேரம் தன்னினைவு இழப்பர்.

சில வரிகள்தாம். கைமுட்டி என்ற அளவு சற்று மிகை. மற்றவை ஏறத்தாழ அனைத்தும் சரி. 'தெமகுலோ' என்று அவர் காதில் விழுந்தது சிங்களத்தில் 'திவிமகுளுவா' என்ற சொல். 'திவி' என்பது சிறுத்தை, 'மகுளுவா' சிலந்தி. தமிழில் நாம் புலிமுகச் சிலந்தி என்கிறோம். இரு மொழியாரும் ஒரே உயிரைப் பார்த்து ஒரே விலங்கை நினைத்திருக்கிறார்கள். முதுகிலும் கால்களிலும் உள்ள மஞ்சள், சாம்பல், கறுப்புப் பட்டைகளைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள்.

மரப் பொந்து என்று நொக்ஸ் குறித்ததே எல்லாவற்றிலும் முக்கியம். அமெரிக்கக் கண்டத்தின் பெருஞ்சிலந்திகளிற் பல தரையில் வளை தோண்டி வாழ்பவை. நம்முடையவை மரவாசிகள். முதிர்ந்த மரத்தின் பொந்திலும், உரிந்து நிற்கும் பட்டையின் பின்னாலும் பட்டிழையால் அகம் அமைத்துக்கொண்டு, இருள் கவிந்ததும் வாசலில் வந்து காத்திருப்பவை.

கடியைப் பற்றிய அவருடைய கூற்றும் சோதனையில் தேறியிருக்கிறது. இந்த இனச் சிலந்திகள் கடித்ததால் மரணம் நிகழ்ந்ததாக உறுதிப்பட்ட பதிவு கிடையாது. ஆனால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் ஏற்படுவதையும், சிலருக்குத் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதையும் மருத்துவ இதழ்கள் அண்மைக் காலத்திலேயே விரிவாகப் பதிந்தன. கண்டிக் கிராமத்தார் சொல்லக் கேட்டு ஒரு கைதி எழுதி வைத்ததை மருத்துவ உலகம் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு வழிமொழிந்திருக்கிறது.

தரந்தோவிலிருந்து வந்த பெயர்

இன்று உலகம் இந்தச் சிலந்திகளை 'டரன்டுலா' என்று அழைக்கிறது. அந்தப் பெயருக்கும் இவற்றுக்கும் உண்மையில் உறவே இல்லை. இத்தாலியின் தெற்கிலுள்ள தரந்தோ நகரத்துச் சுற்றுப்புறத்தில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கு உரியது அது. அந்தச் சிலந்தி கடித்தால் ஆடியே நஞ்சை இறக்க வேண்டும் என்று அப்பகுதி மக்கள் நம்பினார்கள். 'தரந்தெல்லா' என்ற நடனத்தின் பெயரும் அந்த ஊரோடு பிணைந்ததே. ஐரோப்பியர் கடல் கடந்து போனபோது, எங்கே பெரிய, மயிரடர்ந்த சிலந்தியைக் கண்டாலும் அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

தமிழ் மரபில் சிலந்திக்கு வேறு மதிப்பு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின் மீது சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. காளத்தியின் பெயரிலேயே சிலந்திக்கும் பாம்புக்கும் யானைக்கும் பங்குண்டு என்பர். ஆனால் அந்தப் பக்திச் சிலந்தி வலை பின்னும் சிலந்தி. வலை கட்டாமல் பாய்ந்து பிடிக்கும் புலிமுகச் சிலந்திக்கு நம் வீடுகளில் கிடைத்ததெல்லாம் விளக்குமாற்றடியும் செருப்படியும்தாம்.

நம்பப்படாத சாட்சிகள்

பெருஞ்சிலந்திகளைப் பற்றிய ஐரோப்பிய அறிவின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. மரியா சிபில்லா மேரியன் என்ற பெண் ஓவியர் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குச் சென்று, 1705இல் வெளியிட்ட நூலில், கொய்யாக் கிளையில் ஒரு பெருஞ்சிலந்தி சிறு பறவையைப் பிடித்து உண்பதாக வரைந்தார். லின்னேயஸ் அந்தச் சிலந்திக்குப் பறவையோடு தொடர்புடைய பெயரையே 1758இல் சூட்டினார். ஆனால் பின்வந்த அறிஞர் பலர் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். 1863இல் ஹென்றி வோல்டர் பேட்ஸ் தமது அமேசன் நூலில், தாமே கண்ணால் கண்டதாக எழுதிய பிறகே மேரியனின் சொல் மதிப்புப் பெற்றது.

இலங்கையிலும் இதையொத்த ஒரு சாட்சியம் உண்டு. 1845 முதல் குடியேற்ற அரசின் செயலாளராக இங்கே பணியாற்றிய எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில், கொழும்பு மருதானைப் பக்கம் வசித்த ஒரு சீமாட்டி, இந்தச் சிலந்தி வீட்டுப் பல்லி ஒன்றைப் பிடித்துத் தின்றதைக் கண்டதாகத் தம்மிடம் சொன்னதைக் குறித்திருக்கிறார். பறவையியலாளர் எட்கர் லேயார்ட், அநுராதபுரத்துக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட ஒரு கோயில் மடத்தில், புலிமுகச் சிலந்தியும் கரப்பான் பூச்சியும் எதிரெதிரே அசையாது நின்று ஒன்றையொன்று அளந்ததையும், முடிவில் சிலந்தி பாய்ந்ததையும் விவரித்ததாகவும் டெனன்ட் கூறுகிறார்.

இந்தச் சிலந்திகளின் பேரினத்துக்கு 1885இல் பிரெஞ்சு அறிஞர் யூஜின் சீமோன் 'பீசிலோதீரியா' என்று பெயரிட்டார். புள்ளி படர்ந்த விலங்கு என்பது அதன் கிரேக்கப் பொருள். சிறுத்தை மீண்டும் வந்துவிட்டது! இலண்டன் அருங்காட்சியகத்தின் ரெஜினல்ட் பொகொக் 1895லும் 1899லும் இலங்கை, இந்திய இனங்கள் பலவற்றை விவரித்தார். இந்தப் பேரினம் இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அப்படிப்பட்ட உயிரை முதலில் எழுதியவன் ஒரு கைதி. அடுத்து எழுதியவர்கள் அதிகாரிகளும் அருங்காட்சியக அறிஞர்களும். அதனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாம் எழுதியது மிகச் சொற்பம்.

சட்டை உரிக்கும் வேளை

இனி, இந்தச் சிலந்தியின் வாழ்வில் மிக நீண்டதும் மிக ஆபத்தானதுமான நிகழ்வைப் பார்ப்போம்.

சிலந்திக்கு எலும்பு இல்லை. அதன் கூடு உடலுக்கு வெளியே கவசமாக இருக்கிறது. கவசம் ஓரளவுக்கு மேல் விரியாது. ஆகவே வளர வேண்டுமானால் பழைய கவசத்தைக் கழற்றியாக வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதை நாம் அறிவோம். பாம்புக்கு அது வெறும் மேற்தோல். சிலந்திக்கோ அது தோலும் எலும்பும் ஒருங்கே. நச்சுப்பற்களின் உறையும், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்வரியும், மூச்சுறுப்புகளின் உள்வரியும்கூட உரிந்து வர வேண்டும்.

சட்டை உரிப்பதற்குப் பல நாட்களோ வாரங்களோ முன்னதாகவே, பெரிய சிலந்தியாயின் சில வேளை மாதங்களுக்கு முன்னதாகவே, அது உணவை மறுத்துவிடும். நிறம் மங்கும். பழைய தோலின் அடியில் புதிய தோலும் புதிய மயிரும் உருவாகிக்கொண்டிருப்பதால் வயிறு கருமையடையும். பிறகு ஒரு நாள் பட்டிழையால் மெத்தை விரித்து, பெரும்பாலும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். கால்கள் மேல்நோக்கி மடிந்து கிடக்கும் அந்தக் கோலத்தைக் கண்டு செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. தலைமார்பின் மேலோடு ஒரு மூடியைப் போலத் திறக்கும். உடலின் உள்ளழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கையுறையிலிருந்து விரல்களை இழுப்பதுபோல் எட்டுக் கால்களையும் உருவிக்கொள்ளும். ஒரு கால் சிக்கினாலும் ஆபத்து. முடிந்ததும் பக்கத்தில் இன்னொரு சிலந்தி கிடப்பதுபோல் பழைய சட்டை கிடக்கும்.

புதிதாக வெளிவந்த உடல் பஞ்சைப் போல மென்மையானது. நச்சுப்பற்கள் வெண்ணிறமாக இருக்கும். அவை கறுத்துக் கடினமாகும் வரை சிலந்தியால் எதையும் கடிக்க இயலாது. அந்த நாட்களில், அது இரையாகக் கொள்ள வேண்டிய சில்வண்டே அதைக் கடித்துக் கொன்றுவிடக் கூடும். ஈடாக ஒரு வரமும் உண்டு: முன்னர் இழந்த கால், சட்டை உரிக்கும்போது சிறியதாக மீண்டும் முளைத்து வரும். நண்டினத்து உயிர்களில் இந்த மறுமுளைப்பை பிரான்சின் ரேயோமூர் 1712ஆம் ஆண்டளவிலேயே ஆராய்ந்து எழுதினார்.

இளம் சிலந்திகள் சில வாரங்களுக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். வயது ஏற ஏற இடைவெளி நீளும். முதிர்ந்த பெண் சிலந்தி ஆண்டுக்கொரு முறையோ அதனினும் அரிதாகவோ உரிக்கும். ஆணின் கதை வேறு. முதிர்ச்சி அடையும் அந்தச் சட்டை உரிப்பே பெரும்பாலும் அதன் கடைசி. அதன் பிறகு பொந்தை விட்டு வெளியேறித் துணை தேடி அலையும், ஓராண்டளவில் மடியும். பெண் அதே மரத்தில் பல்லாண்டு வாழும். இலங்கையினங்களின் பெண்கள் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை.

பொறுமையாளர்கள்

இந்தக் காலக்கணக்கை உலகம் அறிந்துகொண்டது, காத்திருக்கத் தெரிந்த சில மனிதர்களால். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பெயர்க், சிலந்திகளைப் பல்லாண்டு காலம் வளர்த்துப் பார்த்து, ஒவ்வொரு சட்டையையும் எண்ணி, அப்பகுதியின் டரன்டுலா பருவமடைய ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எடுக்கும் என்று கண்டார். நஞ்சின் கடுமையை அறியத் தம் உடலையே கடிக்கக் கொடுத்தவர் அவர். 1958இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் முன்னோடி. அவுஸ்திரேலியாவில் பார்பரா யோர்க் மெய்ன் என்ற பெண் ஆய்வாளர், 1974இல் குறியிட்ட 16ஆம் எண் பொறிக்கதவுச் சிலந்தியை ஆண்டுதோறும் சென்று பார்த்துவந்தார். 2016இல் ஒரு குளவியின் தாக்குதலில் அது மறைந்தபோது அதற்கு வயது 43. ஆய்வாளரின் வாழ்வும் சிலந்தியின் வாழ்வும் ஏறக்குறைய இணையாக ஓடியிருக்கின்றன.

பெயர்க் போன்றவர்கள் ஆய்வுக்காகச் செய்ததைப் பின்னர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல்லாயிரம் பேர் பொழுதுபோக்காகச் செய்யத் தொடங்கினர். கண்ணாடிப் பெட்டி, அடியில் ஈரமண், ஒரு மரப்பட்டைத் துண்டு, சிறு கிண்ணத்தில் தண்ணீர். வாரத்துக்கு ஓரிரு சில்வண்டு. வேறு செலவில்லை. நாயைப் போல் வாலாட்டாது, கிளியைப் போல் பேசாது, தன்னை வளர்ப்பவரை அடையாளங்கூடக் காணாது. ஆனாலும் வளர்க்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து இனங்களிற் சில, கடுகளவு குஞ்சாக வாங்கியது கையளவு ஆவதற்குள் வளர்ப்பவரின் பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் அளவுக்கு மெதுவாக வளர்பவை. நம் மரச்சிலந்திகள் அவற்றைவிட விரைந்து வளர்பவை. ஆயினும் ஒவ்வொரு சட்டைக்கும் முன்னால் வரும் அந்த உண்ணாவிரத காலத்தில், பெட்டியைத் தொடாமல், இரையை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் நிரப்பி, வெறுமனே பார்த்திருக்க வேண்டும். உதவி செய்யப் போனால் சிலந்தி சாகும். உரிந்த சட்டையை நீரில் நனைத்து விரித்து, உட்புற அமைப்பைக் கொண்டு ஆணா பெண்ணா என அறிவதும் உண்டு. பெண் என்றால் மகிழ்ச்சி, இன்னும் பல ஆண்டுகள் உடனிருக்கும். ஆண் என்றால் பிரிவு அதிக தூரத்தில் இல்லை. அவசரம் என்பதே வாழ்க்கை முறையாகிவிட்ட நாடுகளில், அவசரப்படுத்த முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும் இந்த ஆசையை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

பெட்டிக்குள் வந்த காடு

கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிலந்தி எங்கிருந்து வந்தது?

இலங்கையிலிருந்து அனுமதியின்றி வனவுயிர்களை ஏற்றுமதி செய்வது சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்கென உள்ளவை. இருந்தும் இலங்கையின் புலிமுகச் சிலந்திகள் வெளிநாடுகளில் பல தசாப்தங்களாக விலைக்குக் கிடைத்தன. ஒரு பெண் சிலந்தி முட்டையிட்டால் பல பத்துக் குஞ்சுகள் கிடைக்கும் என்பதால் பிற்காலத்தில் விற்கப்பட்டவற்றிற் பல அங்கேயே பிறந்தவை. எனினும் முதல் தாய்கள் நம் காடுகளிலிருந்தே சென்றிருக்க வேண்டும். இலங்கைக்கே உரிய உயிர் இலங்கையில் மரமிழந்து தவிக்க, கடல் கடந்த நாடுகளில் வெப்ப விளக்கின் கீழ்ப் பெருகியது.

2018இல் அமெரிக்க அரசு இலங்கையின் ஐந்து புலிமுகச் சிலந்தி இனங்களை அழிவாபத்துக்கு உள்ளானவை என்று தனது சட்டத்தின் கீழ் அறிவித்தது. அடுத்த ஆண்டு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் 18ஆவது மாநாடு கொழும்பில் கூடுவதாக இருந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மாநாடு ஒத்திவைக்கப்பட்டு ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. அங்கே பீசிலோதீரியா பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்று முதல் நாடுகளுக்கிடையே அந்தச் சிலந்தியை வாங்கவும் விற்கவும் அனுமதிப் பத்திரம் தேவை. நம் மண்ணின் உயிருக்கு நம் மண்ணில் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு, நம் மண்ணில் சிந்திய இரத்தத்தால் வேறு மண்ணில் கிடைத்தது.

மாங்குளத்து மருத்துவமனையில்

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், மாங்குளம் பகுதியில் சிலந்தி ஆய்வில் ஈடுபட்டிருந்த ரணில் நாணாயக்கார குழுவினரிடம் ஊரார் ஓர் இறந்த சிலந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடித்துக் கொல்லப்பட்ட ஆண் சிலந்தி. இதுவரை பதியப்பட்ட எந்த இனத்தோடும் அதன் வண்ணம் முற்றாகப் பொருந்தவில்லை. பெண்ணைத் தேடிக் காடெல்லாம் அலைந்த குழுவினர், ஏராளமான மரங்களில் தேடிய பின், பெண்ணையும் குஞ்சுகளையும் கண்டது மாங்குளம் மருத்துவமனையின் பழைய வைத்தியர் விடுதியில். காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர், ஒரு சிறு தட்டின் அகலம். 2012இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. தமக்கு வழிகாட்டித் துணை நின்ற பொலிஸ் பரிசோதகர் மைக்கேல் ராஜகுமார் பூராஜாவின் பெயரால் 'ராஜாயி' என்று பெயரிட்டார்கள். வன்னியின் சிலந்திக்கு வாய்த்தது ஒரு தமிழ்ப் பெயர்.

ஆண் சிலந்தியின் கதையை முன்பே பார்த்தோம். பல ஆண்டு பொந்துக்குள் வளர்ந்து, பலமுறை சட்டை உரித்து, கடைசிச் சட்டையை உரித்துவிட்டு முதன்முறையாக வெளியே கிளம்பும் உயிர் அது. வீட்டுக்குள் நுழைந்து அடிபட்டுச் சாவது பெரும்பாலும் அந்த ஆண்தான். நாம் ஒரே அடியில் முடித்து வைப்பது அது முடிக்க வந்த ஒரே வேலையை. பெண் எங்கோ ஒரு மரத்தில் காத்திருக்கும்.

பெண் ஏன் மரத்தை விட்டு மருத்துவமனைக்கு வந்தது என்பதற்கும் விடை எளிது. பாலையும் முதிரையும் புளியும் பொந்து விழும் அளவுக்கு முதிர ஒரு மனித ஆயுளுக்கு மேல் ஆகும். போர்க்காலத்தில் பாதுகாப்பின் பேரால் வீதியோரக் காடுகள் வெட்டப்பட்டன. போருக்குப் பின் அபிவிருத்தியின் பேரால் வெட்டப்பட்டன. பொந்து போனபின் இருளும் விரிசலும் உள்ள பழைய கட்டடமே சிலந்திக்குக் கிடைக்கிறது. 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் இலங்கைத்துறையும் வெறுமையானபோது, மனிதர் இல்லாத வீடுகளில் எவையெல்லாம் குடியேறின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

சேதுவின் இரு முனைகள்

இன்னொரு சிலந்தியின் வரலாறு இதைவிட வியப்பானது. இராமேசுவரத்தில் அநுமன் விலாசம் என்ற கோயிலைச் சார்ந்த தோப்பில் கண்டெடுக்கப்பட்ட இனத்தை, 2004இல் அன்ட்ரூ சிமித் 'அநுமவிலாசுமிகா' என்ற பெயரில் விவரித்தார். புளியும் பனையும் அதன் இருப்பிடங்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அதை மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. 2015இல் அதே சிலந்தி மன்னாரில் இருப்பதாக இலங்கை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே மணல்திட்டுகளின் வரிசை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலத்தில் அது நடந்து கடக்கக்கூடிய நிலம். நீந்தத் தெரியாத, பறக்கத் தெரியாத, மரத்தை விட்டு அதிக தூரம் போகாத ஓர் உயிர் இரு கரைகளிலும் இருப்பதற்கு அந்தப் பழைய நிலத் தொடர்பே இயல்பான விளக்கம். நொக்ஸ் காட்டைக் கடந்து வந்து விடுதலை பெற்றதும் அந்த மன்னார்க் கரையிலேதான். அவன் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே இருந்த உயிருக்கு நாம் பெயரிட்டு முழுதாகக் கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

தமிழர் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கிறார்கள். இலண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் நம் பிள்ளைகள் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தச் சிலந்தியைப் பார்த்திருக்கக் கூடும். அது தங்கள் தாத்தாவின் ஊர்ப் புளியமரத்துக்குரியது என்பதை அவர்களுக்குச் சொல்ல எவரும் இருந்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள். வாங்க விரும்பினால் அது எங்கே பிறந்தது என்றும், அதற்கான பத்திரம் உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் சுவரில் புலிமுகச் சிலந்தியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேட வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அகன்ற வாயுள்ள ஒரு பாத்திரத்தால் மெல்லக் கவிழ்த்து மூடுங்கள். சுவருக்கும் பாத்திரத்துக்கும் இடையே தடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். அப்படியே எடுத்துச் சென்று, வளவில் உள்ள மரங்களில் வயது கூடியது எதுவோ அதன் அடியில் விட்டுவிடுங்கள். அந்த மரத்தையும் வெட்டாமல் வைத்திருங்கள்.